தங்கூஸும் பிரான்ஸ் நரம்பும்

உலகத்தில் நடக்கிற அத்தனை கோளாறுக்கும் தப்பான நரம்புதான் காரணம் என்று மனதார நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஆபீஸ் தங்கூஸ் அண்ணன்தான். நரம்பு என்றால் உடம்பில் ஓடுகிறதே, அது இல்லை. தூண்டிலில் கட்டுகிற நரம்பு. நைலான் நரம்பைத் தங்கூஸ் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது, சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். புதுச்சேரியில் ஒரு அரசாங்க அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் நானும் அவரும் எதிரெதிர் நாற்காலி. பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரங்கள் கூரை வரைக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். தேடி எடுத்துக் கொடுப்பது என் வேலை. திரும்பக் கட்டி வைப்பது அவர் வேலை. வம்பு அந்தக் கட்டில்தான் இருந்தது.

மற்ற ஆபீஸ்களில் நாடாவை ஒரு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார்கள். தங்கூஸ் அண்ணன் ஒவ்வொரு மூட்டைக்கும் தூண்டில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். ஐந்து சுற்று, ஒரு வளையம், வளையத்துக்குள் நுனி, நுனியை எச்சில் தொட்டு இழுப்பு. அவரைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாது. ஆபீசர் ஒருநாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவரே இறங்கி வந்துவிட்டார்.

"இன்னாய்யா கட்டு இது? நகம் பேந்து போச்சு, அவுக்க முடியல."

"அவுக்கறதுக்கா சார் கட்டறோம்? இழுக்க இழுக்க இறுகணும். இல்லன்னா கழட்டினு போய்டும்."

"இதுக்கு உயிரா இருக்குது, கழட்டினு போறதுக்கு?"

"நூறு வருசமா எங்கயும் போகாம இருக்குதே சார், அது எதனாலன்னு நெனைக்கறீங்க?"

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். ஒருமுறை தங்கூஸ் அண்ணன் காய்ச்சலில் லீவு போட்டிருந்தபோது கோர்ட்டிலிருந்து ஒரு பத்திரம் அவசரமாகக் கேட்டுவிட்டார்கள். கத்திரிக்கோலால் வெட்டலாமே என்பீர்கள். வெட்டினால் அவர் மனம் உடைந்து இன்னும் இரண்டு நாள் லீவு போடுவார் என்று ஆபீசருக்கே பயம். மூட்டையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது, இரண்டு விரலால் ஏதோ செய்தது, முடிச்சு அவிழ்ந்தது, கை உள்ளே போய்விட்டது.

மீன் பிடிப்பதிலும் அவருக்கு ஒரு வைராக்கியம் உண்டு. புழு, இறால், மாவு எதையும் தொட மாட்டார். மேலே மிதக்கிற பொய்மீன் ஒன்றுதான் அவர் தூண்டிலில் ஏறும். கல்யாண முருங்கைக் கட்டையை விரல் நீளத்துக்குச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மகள் ஸ்டெல்லாவின் நகப்பாலிஷில் கண்ணும் செதிலும் வரைந்து, அடியில் இரண்டு கொக்கி மாட்டுவார். அதைத் தூர வீசிவிட்டுக் கோலை லேசாக வெட்டி வெட்டி இழுத்தால், அடிபட்ட சின்ன மீன் மாதிரி அது தண்ணீர் மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நெளிந்து நெளிந்து வரும். பெரிய மீன் ஏமாந்து மேலே வந்து அடிக்கும்.

"அடியில புழுவைப் போட்டுட்டு உக்காந்துக்கினு இருக்கறது மீன் புடிக்கறதே இல்லய்யா. அது மீனுக்கு லெட்டர் போட்டுட்டு பதிலுக்குக் காத்துக்கினு இருக்கற வேலை. மேல வரணும். வாயத் தொறந்துனு கண்ணு முன்னாடி வந்து அடிக்கணும். அந்த ஒரு சத்தத்துக்குத்தான் நான் பொறந்தேன்."

எனக்கு மீன் குழம்போடு தவிர வேறு உறவு கிடையாது. ஆனாலும் அவரெதிரே உட்கார்ந்த பாவத்துக்கு இந்த விஷயத்தில் எனக்கு ஒரு டிகிரி கொடுக்கலாம். சொல்கிறேன், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். நரம்பு மூன்று ஜாதி. முதலாவது சாதா நைலான். தண்ணீர் மேலேயே படுத்துக் கிடக்கும், இழுத்தால் கொஞ்சம் நீளும். இரண்டாவது பின்னல் நரம்பு. நூல் மாதிரி பின்னியது, மிதக்கும், ஆனால் ஒரு இம்மி நீளாது. மூன்றாவது புதுசாக வந்த ஃப்ளூரோ. தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது, ஆனால் கனம், முங்கிவிடும். முங்கினால் என்ன ஆகும்? மேலே நெளிய வேண்டிய பொய்மீனின் மூக்கைப் பிடித்துக் கீழே இழுக்கும். அது நெளிவதற்குப் பதிலாகத் தலைகுப்புறக் குத்தும். எந்த மீனும் அதைச் சீந்தாது.

இதை நிரூபிக்க அவர் துண்டு துண்டாக நரம்பை வெட்டி டம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டுவார். எது மிதக்கிறது, எது முங்குகிறது என்று நாம் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விட மாட்டார். ஒருநாள் ஆபீசரின் டம்ளரில் போட்டுக் காட்டிவிட்டு எடுக்க மறந்துவிட்டார். ஆபீசர் ஒரு வாய் குடித்துவிட்டு, பல்லிடுக்கிலிருந்து அரை முழம் நரம்பை மெல்ல உருவியெடுத்தார். தங்கூஸ் அண்ணன் அருகில் போய் உற்றுப் பார்த்துவிட்டு, "மேல கெடந்துச்சா சார், அடியில கெடந்துச்சா?" என்றார்.

பின்னல் நரம்பை அவர் வெறுத்ததற்கு ஒரு வரலாறு உண்டு. கடற்கரையில் பழக்கமான ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு சுருள் கொடுத்துவிட்டுப் போனார். ஆசையாகக் கட்டிக்கொண்டு அரியாங்குப்பம் ஆற்றுக்குப் போனார் அண்ணன். பொய்மீனைப் பார்த்து ஒரு கொடுவா மீன் மேலே வந்தது, வாயைத் திறந்தது. சத்தம் கேட்ட வேகத்தில் இவர் வெடுக்கென்று இழுத்துவிட்டார். நைலானாக இருந்தால் கொஞ்சம் நீண்டு கொடுத்திருக்கும், மீன் வாயை மூடுவதற்கு அவகாசம் கிடைத்திருக்கும். பின்னல் நீளாதே. பொய்மீன் மீனின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்து வந்து அண்ணனுடைய இடது காதில் மாட்டிக்கொண்டது.

அப்படியே பஸ் ஏறிக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். காதில் பச்சை நிறத்தில் ஒரு மீன் ஆடிக்கொண்டிருக்க, கண்டக்டர் சில்லறை கொடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். இளம் டாக்டர் ஒருவர் கொக்கியை எடுத்துவிட்டு ஒரு தையல் போட்டார்.

"டாக்டர், இது ஒத்தை நரம்பா, பின்னலா?"

"நைலான். ஒத்தைதான். ஏன்?"

"பின்னல்ல தைக்க மாட்டீங்களா?"

"பட்டு நூல்ல பின்னல் இருக்கு. அது வேற எடத்துக்கு."

"அதானே. எடத்துக்கு எடம் நரம்பு மாறும். எங்க ஆபீஸ்ல சொன்னா எவன் கேக்கறான்?"

டாக்டர் முடிச்சைப் போட்டுக் காட்ட, இவர் தன் முடிச்சைப் போட்டுக் காட்ட, வெளியே வரிசை தெரு வரைக்கும் போய்விட்டது. கடைசியில் நர்சம்மா வந்து இரண்டு பேரையும் பிரித்து வைத்தார்.

மாதா கோவிலிலும் இதே கதைதான். அப்போஸ்தலர்கள் வலை வீசிய சுவிசேஷத்தைப் படித்து சாமியார் உருக்கமாகப் பிரசங்கம் வைத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் நேரே போய், "சாமி, அந்தக் காலத்துல நைலான் கெடையாதே, வலை பருத்தியா சணலா?" என்று கேட்டார். சாமியார் பொறுமைசாலி. அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் பரிகாரமாக மூன்று நாள் நரம்பைப் பற்றிப் பேசக்கூடாது என்று விதித்துவிட்டார். முதல் நாள் தலைவலி. இரண்டாம் நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சாமியாரே ஆள் அனுப்பி, போதும், பேசச் சொல்லுங்கள் என்றார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குப் பெண்ணாகப் பிறந்தவள் ஸ்டெல்லா. கான்வென்ட் ஸ்கூலில் டீச்சர். அமைதியான பெண், ஆனால் அழுத்தக்காரி. அவளுக்கு வரன் கொண்டுவந்தவன் நான்தான். அதனால் இனி நடந்ததில் பாதிப் பழி எனக்கு.

என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மிக்கேல் மாமா, பாரீஸ் பக்கம் ஒரு தபாலாபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வருஷா வருஷம் டிசம்பரில் ஊருக்கு வருவார். அந்த வருஷம் மகன் தோமினிக்கையும் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தார். கோவிலில் வைத்து ஸ்டெல்லாவைக் காட்டினேன். பையனுக்குப் பிடித்தது. அவளுக்கும் பிடித்தது. அதற்கு முன் வந்த நாலு வரன்களுக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள், இவன் பேரைச் சொன்னதும் எழுந்து போய்க் காப்பி போட்டாள். ரெஜினா அக்கா, அதாவது தங்கூஸ் அண்ணனின் வீட்டுக்காரம்மா, அன்றைக்கே மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார்.

ஆனால் மிக்கேல் மாமாவிடம் ஒரு கோளாறு. பிரான்சிலிருந்து அவர் கொண்டுவந்த எதையும் யாரும் குறை சொல்லக்கூடாது. அவர் கொண்டுவந்த பாலாடைக்கட்டி காலுறை நாற்றம் அடிக்கிறது என்று சொன்னதற்காக, கூடப்பிறந்த அண்ணன் வீட்டு வாசலை நாலு வருஷம் மிதிக்கவில்லை. தோமினிக்குக்கு முன்பு பேசிய ஒரு சம்பந்தம், பெண்ணின் அப்பா பரிசுக் கடிகாரத்தைக் கையில் வாங்கி, "நம்ம ஊரு வாட்சே இதவிட நல்லா ஓடுதே" என்று சொன்னதோடு முடிந்துபோனது. காப்பி ஆறுவதற்குள் மாமா தெருவில் நின்றார்.

இதெல்லாம் தெரிந்தும் நான் ஒரு காரியம் செய்தேன். ஸ்டெல்லாவின் அப்பாவுக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று மாமா கேட்டபோது, அவருக்கு மீன் பிடிக்கிற பைத்தியம் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். மாமா உடனே பிரான்சில் யாருக்கோ போன் போட்டு, ஊருக்கு வருகிற ஒருவர் பெட்டியில் ஒரு பெரிய சுருள் நரம்பை வரவழைத்துவிட்டார்.

பெண் வீட்டில் அந்தச் சுருளை அவர் எடுத்து நீட்டியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். தங்கூஸ் அண்ணன் லேபிளைப் படித்தார். ஃப்ளூரோ. முங்குகிற ஜாதி. சுருளைத் திருப்பி இன்னொரு முறை படித்தார்.

"கண்ணுக்கே தெரியாது சம்பந்தி. அங்க பெரிய பெரிய வெள்ளக்கார முசேங்க எல்லாம் இதான் யூஸ் பண்றாங்க," என்றார் மாமா. "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி எல்லாரும் ஆத்துக்குப் போவோம். இந்த நரம்புல உங்க பொய்மீனைக் கட்டி நீங்க ஒரு மீன் புடிங்க. அந்த மீனை மதியம் கொழம்பு வெச்சி சாப்புட்டுட்டு, சாயந்திரம் சாமியார்கிட்ட போய் ஓலை எழுதிடலாம்."

ஓலை எழுதினால் கோவிலில் மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள், அப்புறம் கல்யாணம்தான். அண்ணன் வாயைத் திறந்தார். ரெஜினா அக்கா உள்ளேயிருந்து ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டார். அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

அவர்கள் போனதும் அக்கா, அண்ணனின் கையைப் பிடித்து ஸ்டெல்லாவின் தலைமேல் வைத்தார்.

"சொல்லுங்க. ஞாயித்துக்கெழம ஓலை எழுதற வரைக்கும் நரம்பைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சொல்லுங்க."

"ரெஜினா, அது முங்கற நரம்பு. மேல ஓடறதுக்கு..."

"உங்க பொண்ணுக்கு அந்தப் பையன் வேணுமா, வேணாமா?"

அண்ணன் ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாட்டேன்," என்றார் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரெஜினா அக்கா என்னை வழியில் மடக்கினார். முதல் பூசைக்கு முன்பே பெரிய மார்க்கெட்டுக்குப் போய் ரெண்டு கிலோவில் ஒரு கொடுவா வாங்கி வந்துவிட்டார். ஐஸ் போட்ட வாளியில், மேலே ஈரத்துணி மூடி இருந்தது.

"அந்த நரம்புல ஒண்ணும் மாட்டாதுன்னு எனக்கே தெரியும் தம்பி. இருபத்தஞ்சு வருசமா கேக்கறேன் இல்ல? சும்மா ஆத்தங்கரைக்கு எடுத்துனு வா. சமயம் பாத்து நீயே அதக் கொக்கியில மாட்டி உட்டுடு."

"செத்த மீனையாக்கா?"

"பிரான்சுக்காரங்களுக்கு என்னா தெரியப்போவுது?"

ஆற்றங்கரையில் தென்னை மர நிழலில் ஜமக்காளம் விரித்தாயிற்று. மாமா தொப்பி, கறுப்புக் கண்ணாடி சகிதம் அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தோமினிக்கும் ஸ்டெல்லாவும் கொஞ்சம் தள்ளி, தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாளிக்கு முன்னால் காலை அகட்டி நின்றுகொண்டேன்.

அண்ணன் பிரான்ஸ் நரம்பில் தன் பொய்மீனைக் கட்டினார். அருமையான பொய்மீன். ஸ்டெல்லாவின் சிவப்புப் பாலிஷில் வாய், முதுகில் பச்சை. பதினைந்து நாள் உட்கார்ந்து செய்தது. ஆற்றின் நடுவுக்கு வீசினார். அது விழுந்து அழகாக மிதந்தது. நரம்பு மெல்ல மெல்ல முங்கியது. அண்ணன் கோலை வெட்டினார். பொய்மீன் மூக்கால் தண்ணீரைக் குத்தியது. இன்னொரு வெட்டு, இன்னொரு குத்து. நெளிவு என்ற பேச்சே இல்லை.

பத்து முறை வீசினார். இருபது முறை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எதிர்க்கரையோரமாக ஒரு கொடுவா நிஜ மீன்களைத் துரத்தி மேலே வந்து ஒரு அடி அடித்தது. அந்தச் சத்தம் கேட்டு அண்ணனின் உடம்பு ஒருமுறை உதறியது. வாயிலிருந்து வார்த்தை புறப்படுவதும், பல்லில் இடித்துத் திரும்பிப் போவதும் எனக்குத் தெரிந்தது. எனக்கே வியர்த்தது. சாமியார் விதித்த மூன்று நாளெல்லாம் இதற்கு முன் விளையாட்டு.

மாமா கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"இன்னா சம்பந்தி, உங்க பொய்மீனு சரியில்லையோ? மூக்கால குத்துதே. மரம் கனமா?"

நரம்பைப் பழித்தால் அண்ணன் தாங்குவார், ஏன், ஆபீசர் அவரையே பழித்தாலும் சிரிப்பார். ஆனால் அந்தக் கட்டையைக் கனம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ரெஜினா அக்கா ஜெபமாலையை எடுத்துவிட்டார்.

அண்ணன் ஒருமுறை ஜமக்காளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மாமாவைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி உதட்டை விரித்தார்.

"ஆமாங்க சம்பந்தி," என்றார். "மரந்தான் கனம். நான் செதுக்கனது சரியில்ல. நரம்பு நல்ல நரம்பு."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏற்கெனவே வியர்த்திருந்த முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி வீசினார். மனுஷன் என்னவெல்லாம் விட்டுக்கொடுக்கிறான் பாருங்கள்.

ஜமக்காளத்திலிருந்து ஸ்டெல்லா எழுந்தாள். செருப்பைக் கூடப் போடாமல் விறுவிறுவென்று வந்தாள்.

"மாமா, மரத்துமேல பழி போடாதீங்க."

"ஸ்டெல்லா," என்றார் ரெஜினா அக்கா, உயிரே இல்லாத குரலில்.

"இரும்மா. மாமா, எங்கப்பா செதுக்கனது சரியாத்தான் இருக்குது. நீங்க குடுத்தது முங்கற நரம்பு. அது முங்கி, பொய்மீனை மூக்கப் புடிச்சி இழுக்குது. மேல ஓடறதுக்கு அது ஆவாது. எங்கப்பாவுக்கு இது மொத நாளே தெரியும். என் தலைமேல சத்தியம் பண்ணதால சொல்லாம நிக்கறாரு."

மாமாவின் முகம் சிவந்துகொண்டே போனது. காப்பி ஆறுவதற்குள் தெருவில் நின்ற கதை என் கண்ணுக்கு முன்னால் ஓடியது. இந்தத் தடவை காப்பியும் இல்லை, தெருவும் இல்லை, நேரே ஆற்றில்தான் என்று நினைத்தேன்.

"தெரிஞ்சுதான் பேசறியாம்மா?" என்றார் மாமா மெதுவாக.

"தெரிஞ்சுதான் மாமா. எங்கப்பா எதுக்கும் பொய் சொல்ல மாட்டாரு. இப்போ எனக்காகச் சொன்னாரு. அப்படி அவரு பொய் சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் ஆவணும்னா, எனக்கு அது வேணாம்."

சொல்லிவிட்டு அவள் தோமினிக்கை ஒரு தடவை பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு அவன் எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணன் கோலைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார். போகப்போகிறார் என்றே நினைத்தோம். அவர் போகவில்லை. தண்ணீர் டம்ளர் ஒன்றை எடுத்தார். தன் நரம்பில் ஒரு துண்டு வெட்டச் சொல்லிப் போட்டார். அது அடியில் போய் உட்கார்ந்தது. அண்ணனின் பழைய நைலானில் ஒரு துண்டு போட்டார். அது மேலேயே கிடந்தது. டம்ளரை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

"கண்ணுக்குத் தெரியாதுன்னுதான் கடைக்காரன் சொன்னான். முங்கும்னு சொல்லலையே," என்றார்.

"முங்கறது தப்பில்ல மாமா," என்றாள் ஸ்டெல்லா. "அடியில ஓடற பொய்மீனுக்கு இதவிட நல்ல நரம்பு கெடையாது. எங்கப்பாவே சொல்லியிருக்காரு."

மாமா மகன் பக்கம் திரும்பினார். "தோமினிக், நாளைக்கு இந்தப் பொண்ணு உன்னையும் இப்படித்தான் நிக்க வெச்சிக் கேக்கும். நீ இன்னா பண்ணுவ?"

"கேட்டுக்குவேன் பப்பா," என்றான் அவன். அன்றைக்கு எங்கள் காதில் விழ அவன் பேசிய முதல் வார்த்தை அது. எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

மாமா ஒரு நீளமான மூச்சு விட்டார். "அலோர், அப்படின்னா சம்பந்தி, நெசமாவே இதுல இவ்ளோ வெசயம் இருக்குதா?"

தங்கூஸ் அண்ணன் தன் மனைவியைப் பார்த்தார். சத்தியம் சத்தியம்தானே. ரெஜினா அக்கா ஜெபமாலையைச் சுருட்டி இடுப்பில் செருகினார்.

"சொல்லித் தொலைங்க," என்றார்.

அணை திறந்த கதைதான். முக்கால் மணி நேரம். மூன்று ஜாதியும், முடிச்சும், காதுத் தையலும், அப்போஸ்தலர் வலையும் ஒன்று விடாமல் வந்தன. மாமா நடுவில் இரண்டு சந்தேகம் வேறு கேட்டார், அது இன்னும் கால் மணி நேரம். பிறகு நைலானைக் கட்டி, கோலை மாமா கையிலேயே கொடுத்தார் அண்ணன். நாலாவது வீச்சில், நெளிந்து நெளிந்து வந்த பொய்மீனை ஒரு கொடுவா மேலே வந்து அடித்தது. மாமா பயந்துபோய் வெடுக்கென்று இழுத்தார். நைலான் நீண்டு கொடுத்தது. மீன் மாட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா? பின்னலா இருந்தா இந்நேரம் உங்க காதுல தொங்கும்," என்றார் அண்ணன், ஆனந்தத்தில் குதித்துக்கொண்டே.

மீன் ஒரு முழத்துக்கும் குறைவுதான். ஆறு பேருக்கு எப்படிக் காணும்? ரெஜினா அக்கா யாரிடமும் சொல்லாமல் வாளி மீனையும் குழம்பில் போட்டுவிட்டார். சாப்பிட உட்கார்ந்த மாமா சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, புடிச்சது ஒரு மீனு, தலை மட்டும் ரெண்டு இருக்குதே?" என்று கேட்டார்.

"ஆத்து மீனு அண்ணே, அப்படித்தான் இருக்கும்," என்றார் அக்கா, முகம் மாறாமல்.

மாமா இரண்டு தலையையும் தன் தட்டில் போட்டுக்கொண்டார். சாயந்திரம் ஓலை எழுதினார்கள்.

மறுநாள் ஆபீசில் தங்கூஸ் அண்ணன் வழக்கம்போல ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணே, எப்படிண்ணே வாய் வந்துச்சு உங்களுக்கு? மரந்தான் கனம்னு சொல்லிட்டீங்களே."

அவர் நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அந்தாளு கேட்டப்ப திரும்பி ஸ்டெல்லாவைப் பாத்தேன்யா. அந்தப் பையன் பக்கத்துல உக்காந்துக்கினு என்னமோ சொல்லிச் சிரிச்சிக்கினு இருந்தா. அவ அப்படிச் சிரிச்சி நான் பாத்ததில்ல." நுனியை எச்சில் தொட்டார், இழுக்க மறந்துவிட்டார். "அதுக்கு முன்னால நரம்பாவது, மண்ணாவது."

அதற்குப் பிறகு அவர் எத்தனை தடவை டம்ளரில் நரம்பைப் போட்டு, மேலே கிடக்கிறதா அடியில் கிடக்கிறதா என்று கேட்டாலும், நான் கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துப் பதில் சொன்னேன்.